மூடியத் தொறக்காதீங்கப்பா

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு

பேரிக்காய் விழுந்துகொண்டே இருக்கிறது. பின்பக்கத் தகரத்தில் டொம், டொம் என்று. மாதா கோயில் பூசையிலிருந்து வந்து ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்ன முடியவில்லை. கல்லுமாதிரிக் காய். யாருக்குக் கொடுத்தாலும் "வீட்டுல கெடக்குதுங்க ஐயா" என்கிறார்கள். கந்தப்பளையில் பேரிக்காய் மரம் இல்லாத வீடு எது?

"ரிட்டயர் ஆனதுலருந்து நீங்களும் இந்தக் காய் மாதிரிதான், சும்மா விழுந்து கெடக்கீங்க" என்கிறாள் இராசம்மா. கட்டின பெண்டாட்டி பேசுகிற பேச்சு!

மத்தியானம் மகள் ஜெனுஷா போனில் பேசினாள். இத்தாலியில் இன்னும் கொஞ்ச நாளில் திராட்சை அறுவடையாம். "அப்பா, இங்கயும் மலைதான்ப்பா. நிரை நிரையா இருக்கு, நம்ம தோட்டம் மாதிரியே" என்று சந்தோஷமாகச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. என் அம்மா நிரை பிடித்துக் கொழுந்தெடுத்தவள். அந்த நிரையை விட்டு மேலே ஏறி, தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குள் போய், டீமேக்கராகி, ஒரு தோட்டத்துத் தேயிலை முழுவதும் என் மூக்கைக் கேட்டுத்தான் வெளியே போகும் என்கிற நிலைமைக்கு வந்தவன் நான். என் மகள் ஏ.எல். வரைக்கும் படித்துவிட்டு, கடல் தாண்டிப் போய், மறுபடியும் நிரையில் நிற்கிறாள். கேட்கிறவர்களிடம் "கம்பெனி வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

"நல்லா சாப்பிடும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை இவளிடம் கொடுத்துவிட்டேன். வேறு என்ன பேச?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பேரிக்காய் தொல்லையை இராசம்மா போனில் சொல்லி அழ, அந்தப் பக்கம் ஜெனுஷா துள்ளினாள். "வீணாக்காதீங்க! வைன் போடுங்க! அப்பாகிட்ட போனக் குடுங்க."

பேரிக்காயில் வைனா? போடலாமாம். இஞ்சியில் போடுகிறோம், பீட்ரூட்டில் போடுகிறோம், கிறிஸ்மஸுக்கு. இதில் ஏன் முடியாது என்கிறாள். பழம், சீனி, தண்ணீர், ஈஸ்ட். ஒரு வாரம் துணி போட்டு மூடி, தினமும் கிண்டவேண்டும். பிறகு வடிகட்டி, கேனில் கழுத்து வரை நிரப்பி, மூடியில் ஒரு குழாயைச் செருகி, குழாயின் மறு நுனியைத் தண்ணீர்ப் போத்தலில் விடவேண்டும். உள்ளே இருக்கிற காற்று வெளியே வரலாம், வெளிக்காற்று உள்ளே போகக்கூடாது.

"அதுக்கப்புறம் மூடியத் தொறக்காதீங்கப்பா. நான் கிறிஸ்மஸுக்கு வந்து தொறக்குறேன்."

வருகிறாளாம்! போய் ரெண்டு கிறிஸ்மஸ் ஆகிவிட்டது. இராசம்மா அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கும்தான். ஆனால் நான் "புளிக்க வைக்கிறதப் பத்தி எனக்கே நீ படிச்சுக் குடுக்குறியா?" என்று கேட்டேன். சிரித்தாள். அவளோடு அப்படிப் பேசி எவ்வளவு நாளாகிவிட்டது.

ஆகஸ்ட் 24, சனி

நுவரெலியா போய் ஈஸ்டும் குழாயும் வாங்கிவந்தேன். காய் நறுக்கி நறுக்கி இராசம்மாவின் விரலெல்லாம் கறுத்துவிட்டது. "மகளுக்குன்னா மட்டும் சுறுசுறுப்பு வந்துருமே" என்று குத்தினாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

வடிகட்டித் தண்ணீர்க் கேனில் ஊற்றிக் குழாய் வைத்தாயிற்று. இங்கேயுள்ள குளிருக்கு வேலை செய்யாது என்று அடுப்படி மூலையில் வைத்திருக்கிறோம். குபுக்... குபுக்... என்று போத்தலில் குமிழி விடுகிறது. கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது.

பொழுது போகாமல் யூடியூபில் பார்க்கிறேன். கனடாவில் பழத்தைக் கொடியிலேயே விட்டு, பனியில் உறையட்டும் என்று காத்திருந்து பறிக்கிறான். இங்கே பனி விழுந்தால் கொழுந்து கருகித் தோட்டத்துத் துரைமார் தலையில் கை வைப்பார்கள். அவன் பனிக்காக வானத்தைப் பார்த்து நிற்கிறான். போர்த்துக்கல்லில் தோளோடு தோள் கைகோத்து நின்று காலால் மிதிக்கிறார்கள், பாட்டு வேறு. ஜெனுஷாவோடு வேலை செய்கிற மரியம் என்கிற பெண்ணுக்கு ஜோர்ஜியா நாடு. அவர்கள் ஊரில் ஆள் உயரச் சாடியைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து, மசித்த பழத்தை ஊற்றி, வாயைக் களிமண்ணால் பூசிவிடுவார்களாம். பனிக்காலம் போய்த்தான் திறப்பார்களாம். அதுவரை ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லையாம்.

அது எப்படி முடியும்? உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாமல் ஒரு மனுஷனுக்குத் தூக்கம் வருமா?

செப்டம்பர் 5, வியாழன்

திறந்தேன். ஒரு நிமிஷம்தான். ஸ்டோரில் அரைத்த கொழுந்தைப் பரப்பிவைத்து, கை நிறைய அள்ளி மூக்கில் வைத்துப் பார்ப்போமே, பச்சை வாடை போய் ஒரு பழவாசனை எழும்பும், அந்த இடத்தில் பிடித்து அடுப்புக்கு அனுப்பவேண்டும். விட்டால் தேயிலை செத்துப்போகும். பார்க்காமல் விட்டவன் எவனும் டீமேக்கர் ஆனதில்லை.

வாசனை அருமை. இராசம்மா பார்த்துவிட்டாள். "அவ தொறக்காதீங்கன்னாளே?" "உனக்கென்ன தெரியும், சும்மா இரு." "நீங்க சவப்பெட்டியக்கூட ரெண்டு தரம் தொறந்து பாக்குற ஆளு."

செப்டம்பர் 12, வியாழன்

தினமும் காலையில் தேத்தண்ணி குடித்ததும் ஒரு முறை. வாசனை நாளுக்கு நாள் ஏறுகிறது. மூக்கு இன்னும் போகவில்லை எனக்கு.

செப்டம்பர் 19, வியாழன்

ஜெனுஷா போன் எடுக்கவில்லை. நேற்றும் இல்லை. முந்தாநாள் எடுத்து, "வேலைப்பா, பிறகு பேசுறேன்" என்று வைத்துவிட்டாள். பின்னால் ஆம்பிளைக் குரல். சிரிப்பு.

அறுவடை நேரம்தான். சரி. ஆனால் பொழுது சாய்ந்த பிறகு என்ன பறிப்பு?

செப்டம்பர் 22, ஞாயிறு

கோயில் வாசலில் அந்தோனிமுத்துவைக் கண்டேன். அவன் மச்சான் ஜீவராஜ், ஹட்டன்காரன், ஜெனுஷா இருக்கிற இடத்துக்குப் பக்கத்து டவுனில்தான் ஹோட்டல் குசினியில் நிற்கிறானாம். நம்பர் வாங்கினேன். "சும்மா, புள்ள எப்படி இருக்குன்னு ஒரு எட்டுப் பாத்துச் சொல்லச் சொல்லத்தான்" என்றேன்.

இராசம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் கத்துவாள். பெற்றவனுக்கு விசாரிக்க உரிமை இல்லையா?

செப்டம்பர் 27, வெள்ளி

ஜீவராஜ் பேசினான். முதலில் இழுத்தான். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க." பறிக்கிற பிள்ளைகள் தங்கும் ரூமில் ஜெனுஷா இப்போது இல்லையாம். முதலாளி வீட்டு வளவுக்குள்ளேயே தங்குகிறாளாம். ராத்திரி நேரமெல்லாம் அங்கே லைட் எரிகிறதாம். முதலாளி மகன் ஒருத்தன் இருக்கிறானாம், வயசுப் பையன்.

அதற்குமேல் அவன் சொன்னது காதில் விழவில்லை.

மாதாவே. என்ன செய்யப் போகிறேன்.

செப்டம்பர் 28, சனி

பேசினேன். எழுதக் கை வரவில்லை.

நாலாம் தரம் அடித்ததும் எடுத்தாள், தூக்கக் கலக்கத்தில், "அப்பா" என்று ஆசையாகத்தான் கூப்பிட்டாள். "யாரு வீட்டுல படுத்திருக்க?" என்றேன். எடுத்த எடுப்பில். "கூலிக்குப் போனது பத்தாதுன்னு இது வேறயா? உன் பாட்டிகூட மானத்தோடதான் கூடை சுமந்தா" என்றேன். இன்னும் என்னென்னமோ. வாயில் வந்ததெல்லாம்.

"அப்ப நேத்து இங்க வந்து முதலாளிகிட்டயும் எல்லார் முன்னாலயும் என்னப் பத்திக் கேட்டது... நீங்க அனுப்பின ஆளாப்பா?" என்றாள். அழவில்லை. அதுதான் இப்போது காதிலேயே நிற்கிறது. அழுதிருந்தால் பரவாயில்லை.

வைத்துவிட்டாள். எட்டிப் பார்த்துச் சொல்லச் சொன்னால் அந்த முட்டாள் போய் முதலாளியிடமே கேட்டிருக்கிறான். யாரைத் திட்ட? அனுப்பினவன் நான்.

செப்டம்பர் 30, திங்கள்

என் நம்பரை பிளாக் பண்ணியிருக்கிறாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

இராசம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஜெனுஷாவே அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். பூசை முடிந்து வருகிற வழியில், பஸ்ஸிலேயே பிடித்துக்கொண்டாள். ஆட்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். பறித்த பழம் தொட்டியில் புளிக்கும்போது தோலெல்லாம் மேலே பொங்கி வந்துவிடுமாம். அதைச் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை கீழே அமுக்கிக்கொண்டே இருக்கவேண்டும், இரவு பகலென்று இல்லை. பறிக்கிறவர்களில் நல்ல மூக்குள்ள ஆட்களாக ரெண்டு பேரைப் பிடித்து உள்வேலைக்குப் போட்டார்களாம், ஜெனுஷாவையும் அந்த மரியத்தையும். தொட்டி இருக்கிற கட்டடத்துக்கு மேலே ஒரு ரூம். ரெண்டு பேரும் மாறி மாறிப் படுத்து எழும்புகிறார்கள். பறிப்பிலிருந்து உள்ளே போனது பெரிய ஏற்றமாம். எனக்குச் சொல்ல, அறுவடை முடியட்டும், அப்பாவுக்கு நேரில் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தாளாம்.

"நீங்க கொழுந்து கூடுற மாசத்துல எத்தன ராத்திரி ஸ்டோர்லயே படுத்தீங்க? நான் ஒரு நாள் கேட்டேனா, யாரோட படுத்தீங்கன்னு? ஆள் விட்டுப் பாத்தேனா?" என்றாள் இராசம்மா. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

உலகத்தில் எந்த அப்பனுக்குப் புரியாவிட்டாலும் எனக்குப் புரிந்திருக்கவேண்டும். ராத்திரி லைட் எரிகிறதென்று சொன்னானே, எந்த ஸ்டோரில் ராத்திரி லைட் எரியாமல் இருந்தது? என் மகளும் என்னைமாதிரியே உள்ளே போய்விட்டாள், என் மூக்கை வைத்து. அதைத் தெரிந்துகொள்ளாமல் வார்த்தையைக் கொட்டிவிட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

வொய்ஸ் ஒன்று பேசி, இராசம்மாவின் போனிலிருந்து அனுப்பினேன். "அப்பா தப்புப் பண்ணிட்டேம்மா. மன்னிச்சுரு." கேட்டுவிட்டாள் என்று நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

கேனைத் திறந்து மோந்தேன். ஏதோ ஒரு சுரீர். மனசுதான் சரியில்லை, மூக்கும் அப்படித்தான் இருக்கும் என்று மூடிவைத்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

போச்சு. சந்தேகமே இல்லை, வினாகிரி. அடுப்படிக்குள் நுழைந்தாலே கண் எரிகிறது.

யூடியூபில் தேடினேன். தேயிலைக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று, புளிக்க வைப்பது. நடக்கிறது நேரெதிர். தேயிலைக்குக் காற்று வேண்டும், காற்றுப் பட்டுத்தான் நிறம் மாறும், மணம் வரும்; அதனால்தான் பரப்பிப் போட்டு மோந்து மோந்து பார்க்கிறோம். வைனுக்குக் காற்றுதான் சத்துரு. திறக்கத் திறக்கக் காற்று உள்ளே போய், வைன் புளித்துக் காடியாகிவிடும். வேறு யாராவது போட்டிருந்தால், அவள் சொன்னபடி மூடிவைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்கள், நல்லாவும் வந்திருக்கும். டீமேக்கர் போட்டதால் கெட்டது.

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்றாள் இராசம்மா. திட்டுகிற குரலில்கூட இல்லை.

நவம்பர் 17, ஞாயிறு

இன்றைக்குத்தான் இராசம்மா அதைச் சொன்னாள். இத்தனை நாள் வைத்திருந்து சொன்னாள்.

ஜெனுஷா கிறிஸ்மஸுக்கு லீவில் வர இருக்கவில்லையாம். ஒரேயடியாக வர இருந்தாளாம். இங்கே வீணாகிற பேரிக்காய், ஸ்ட்ரோபெரி எல்லாம் வைத்து, முறையாக அனுமதி எடுத்து, சின்னதாக ஒன்று ஆரம்பிக்கலாம் என்று. அதற்குத்தான் என்னைப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். "அப்பாவும் நானும் சேந்து செய்யலாம்மா. அப்பா மூக்கு மாதிரி ஒரு மூக்கு இங்க ஒருத்தருக்கும் இல்ல" என்று சொன்னாளாம்.

அந்தப் பேச்சு இப்போது இல்லை. அங்கேயே இன்னும் இருக்க எழுதிக் கொடுத்துவிட்டாளாம்.

"இத ஏன்டி முதல்லயே சொல்லல?" என்று கத்திவிட்டேன். "உங்களுக்கு நேர்ல சொல்லணும்னு வாய மூடி வச்சிருக்கச் சொன்னா. நான் வச்சிருந்தேன். எனக்கு வைக்கத் தெரியும்" என்றாள்.

பின்னால் போய் மரத்தடியில் நின்றேன். அழுதேன். எழுதுவதற்கென்ன வெட்கம், அழுதேன்.

டிசம்பர் 25, புதன்

பூசை. கேக். பீட்ரூட் வைன், பக்கத்து வீட்டில் கொடுத்தது. ஜெனுஷா அம்மாவோடு வீடியோவில் பேசினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "அப்பா அங்கயா நிக்கிறாரு?" என்றாள். உடனே வைத்துவிட்டாள். இன்றைக்குமா நான் திருந்தவில்லை?

2025 ஜனவரி 19, ஞாயிறு

விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. அந்தக் கனடாக்காரன் ஞாபகம் வந்தது.

கேனில் இருந்ததை வீசப் போனேன். இராசம்மா விடவில்லை. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கரட் எல்லாம் போட்டு அதில் அச்சாறு போட்டுவிட்டாள். நல்லாத்தான் இருக்கிறது, பாழாய்ப்போன வாய்க்கு. கோயில் சந்தைக்கு ரெண்டு போத்தல் கொடுத்தோம். சுவாமியார், "யாரு கை?" என்று கேட்டார். இராசம்மா என்னைக் காட்டினாள்.

மார்ச் 9, ஞாயிறு

ஜெனுஷாவின் பிறந்தநாள். பேசத் தைரியமில்லை. இராசம்மா பேசும்போது நான் கடைக்குப் போய்விட்டேன். காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கவேண்டியிருந்தது என்று சொல்லிக்கொண்டேன். வீட்டில் பாண் இருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மறுபடியும் டொம், டொம். போன வருஷத்தைவிட இந்த வருஷம் காய்ப்பு அதிகம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இராசம்மாவே கத்தியும் பலகையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "உங்களுக்கு ஈஸ்ட் வாங்கக் கால் இல்லையா?" என்றாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நிரப்பி, குழாய் வைத்து, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றிவிட்டேன். அடுப்படியில் வைத்தால் கை போகும் என்று பெரிய ரூமில், ஜெனுஷாவின் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறோம். கம்பளி சுற்றியிருக்கிறோம், குளிருக்கு.

குபுக் சத்தம் நடுவீட்டில் கேட்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

செப்டம்பர் 11, வியாழன்

கட்டிலுக்கு முன்னால் போய்க் குனிந்தேன். மெழுகில் கை வைத்தேன். எடுத்துவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

குமிழி நின்றுவிட்டது. நல்லதற்கா, கெட்டதற்கா? கேட்க வேண்டியவளிடம் கேட்க முடியாது. உள்ளே என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கிறேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை இந்நேரம் என்றால் ஜெனுஷாதான். நான் வழக்கம்போல எழும்பி வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, மரத்தடியில் பலகை போட்டு உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் அப்படித்தான். உள்ளே இராசம்மா சிரிக்கிற சத்தம் லேசாகக் கேட்டது. எதற்கென்று தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு போனோடு இராசம்மா வந்தாள். கிட்ட வந்து, மெதுவான குரலில், "இந்த கிறிஸ்மஸுக்கும் வரலையாம்" என்றாள். எதிர்பார்த்ததுதான்.

"கேன தொறந்தீங்களான்னு கேக்குறா."

"இந்த வருஷமும் போட்டத நீ சொல்லிட்டியா?"

"ஆகஸ்ட்லயே சொல்லிட்டேன். வாரா வாரம் கேக்குறா, அப்பா தொறந்தாரா, கிட்டப் போனாரா, மெழுகு அப்படியே இருக்கான்னு. நானும் போய்ப் பாத்துப் பாத்துச் சொல்லிக்கிட்டு இருக்கேன். இப்ப அவளுக்கு நான்தான் ஜீவராஜ்" என்று சொல்லிச் சிரித்தாள்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கிவிட்டது. வாராவாரம் கேட்கிறாளா!

"தொறக்கலன்னு சொல்லு" என்றேன்.

"சொன்னேன். நம்ப மாட்டேங்குறா."

அதுவும் நியாயம்தான்.

இராசம்மா உள்ளே போனாள். போகிற போக்கில் கதவைச் சாத்தாமல் போய்விட்டாள். ஸ்பீக்கரில் ஜெனுஷாவின் குரல், போன கிறிஸ்மஸுக்குப் பிறகு ஒரு வருஷமாகக் கேட்காத குரல், வாசல் வரைக்கும் தெளிவாக வந்தது. "அம்மா, அப்பாகிட்ட ஒண்ணு சொல்லணும்னு..." என்று ஆரம்பித்தாள்.

நான் எழும்பிப் போய், வெளியிலிருந்தே கதவைச் சாத்தினேன்.